முன்னறை யன்னலுக்கு ஒரு நிறம்

2009 ஒக்டோபர் 4, ஞாயிறு

பிற்பகல் முழுவதும் முன்னறையில் இருந்து யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யன்னலை அல்ல, அதில் தொங்கும் படுக்கை விரிப்பை. ஏப்ரலில் லண்டன் மோர்டனுக்கு, இந்த வீட்டுக்கு வந்த அன்று இரவு அவசரத்துக்கு ஆணியடித்து மாட்டியது. ஆறு மாதமாகிவிட்டது.

அந்த ஏப்ரலிலும் மேயிலும் யாருக்கு யன்னல் நினைவிருந்தது? வன்னியில் இருந்து என்ன செய்தி வருமோ என்று தொலைபேசியும் தொலைக்காட்சியுமாகக் கிடந்தோம். பெட்டிகளைக்கூடப் பிரிக்கவில்லை. பிறகு ஒருநாள் பிரித்தோம். பிறகு ஒழுங்காகச் சமைத்தோம். இப்போது யன்னல் கண்ணில் படுகிறது. படுகிறதே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

லக்‌ஷிகாவுக்குப் பதினாறு வயது. அவளுக்கு வேறு வெட்கம். "அம்மா, இட்ஸ் லைக் எ ஹொஸ்பிற்றல். ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிக்கொண்டு வரேலாது."

ஏற்றி இறக்கும் திரை, பிளைண்ட்ஸ், போடவேண்டும். என்ன நிறம்? இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் இந்தக் கேள்வியை நான் இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறேன்.

ஒக்டோபர் 6, செவ்வாய்

கேள்விக்கு வேறொருவர் பதில் வைத்திருந்தார்.

இவருடைய அண்ணா, தவராசா அத்தான், மாலையில் அளவு நாடாவுடன் வந்துவிட்டார். வால்தம்ஸ்டோவில் பிளைண்ட்ஸ் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். பத்து வருடத்துக்கு முன் ஹொலண்டில் இருந்து நாங்கள் லண்டனுக்கு வந்தபோது ஏழு மாதம் தன் வீட்டில் வைத்திருந்தவர். அவருடைய சொந்தப் பிள்ளைகள் இருவரும் ஒரே அறையில் படுத்தார்கள், எங்களுக்கு ஒரு அறை தருவதற்காக.

எங்கள் யன்னல் முன்னால் தள்ளி நிற்கும் மூன்று பக்க யன்னல். மூன்றையும் தனித்தனியாக அளந்தார். "உங்களிட்டைக் காசோ கேக்கப்போறன்? வைன் துணி கிடக்கு. நல்ல தடிப்பு. வெளியாலை நிண்டு பாக்கிறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது."

வைன் துணி, அந்தக் கருஞ்சிவப்பு! எட்டு வருடத்துக்கு முன் ஏதோ ஹோட்டல் ஓடர் கொடுத்துவிட்டு வேண்டாமென்றது. உருளை உருளையாக மிஞ்சிய அந்தத் துணி இன்னும் முடியவில்லை. ஹவுன்ஸ்லோவில் கமலாம்பிகை மாமி வீட்டில் அதுதான். இவருடைய சித்தப்பா வீட்டில் அதுதான். எந்த உறவினர் வீட்டுக்குப் போனாலும் அதே முன்னறை எங்களுக்கு முன்னால் போய் அங்கே காத்திருப்பதுபோல் இருக்கும்.

எங்கள் முன்னறை வடக்குப் பார்த்தது. நேர் வெயில் ஒருபோதும் வராது. வைன் நிறம் போட்டால் பகலிலும் விளக்கு வேண்டும்.

இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். "ஓம் அத்தான், நல்லது" என்று வந்தது.

ஒக்டோபர் 7, புதன்

ஏன் ஓம் என்றேன்?

அந்த நிறம் வேண்டாமென்று அத்தானிடம் சொல்லும்படி இவரிடம் கேட்டேன். தேநீரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் எப்பிடிச் சொல்லுறது? அவர் எனக்கு அண்ணை."

"எனக்கும் அவர் அந்நியமில்லைத்தானே."

"ஒரு வரியம் போடுவம். பிறகு பழுதாப்போச்செண்டு மாத்துவம்."

"அது பழுதாகாது. பத்து வரியம் நிக்குமெண்டு அவரே சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

இவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் ஒன்றும் தீரவில்லை.

ஒக்டோபர் 10, சனி

துரோகம் ஒன்று செய்தேன். ஒரு கடைக்கு எழுதிப் போட்டு மாதிரித் துண்டுகள் எடுப்பித்தேன். இன்று வந்தன. கிறீம், சாம்பல் நீலம், கடுகு மஞ்சள், இளம் பச்சை. உள்ளங்கை அளவில் நான்கு.

மேசையில் வைத்துப் பார்த்தால் நான்கும் அழகு. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஒன்பது வருடம் உதவியாளராக இருந்து ஒன்றாவது தெரிந்துகொண்டிருக்கிறேன்: கரைசலின் நிறத்தை மேசையில் வைத்துப் பார்க்கக்கூடாது, வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கவேண்டும். படுக்கை விரிப்பின் ஒரு பக்கத்தை ஒதுக்கி, கண்ணாடியில் நான்கையும் செலோடேப்பால் ஒட்டினேன்.

அதன்பின் எந்த அலுவலாக அந்தப் பக்கம் போனாலும் நின்றுவிடுகிறேன்.

ஒக்டோபர் 13, செவ்வாய்

அவதானிப்புகள்.

கிறீம்: காலையில் கழுவாத சட்டைக் கொலர்போல. வடக்கு வெளிச்சம் அதை அழுக்காக்கிவிடுகிறது.

சாம்பல் நீலம்: நல்ல நிறம், ஆனால் அறை கவுன்சில் அலுவலகமாகிறது. யாராவது என் இலக்கத்தைக் கூப்பிடுவார்கள்போல் இருக்கிறது.

கடுகு மஞ்சள்: விளக்கு போட்டபின் அருமை. பகலில் சோர்ந்துபோகிறது.

இளம் பச்சை: வாழைக் குருத்தை வெயிலுக்குப் பிடித்தால் வருமே, அது. மழை பெய்துகொண்டிருந்த பதினொரு மணிக்கும் அப்படியே இருந்தது. வெளியே வெயில் இல்லை, துணிக்குள் இருந்தது.

இன்று விடுமுறை எடுத்தது பல் வைத்தியரிடம் போக. போய்வந்த நேரம் தவிர மீதியெல்லாம் இதுதான் வேலை. சந்தோசமாக இருந்தது. நிறைய நாளுக்குப் பிறகு.

ஒக்டோபர் 17, சனி

தீபாவளி. அத்தான் வீட்டில் எல்லோரும். இன்று சொல்லிவிடுவது என்று மனதுக்குள் வசனம் கட்டிக்கொண்டு போனேன். அத்தானின் மனைவி கல்யாணி அக்கா ரொட்டியும் கறியும் வைத்த கையோடு, அத்தான் என்னைக் காட்டி எல்லோருக்கும் கேட்க அறிவித்தார்: "மலருக்கும் இதே துணிதான் வெட்டப்போறன். அவவுக்கு நல்ல விருப்பம்."

எல்லோரும் யன்னலைப் பார்த்துத் தலையாட்டினார்கள். கமலாம்பிகை மாமி மட்டும் என்னைப் பார்த்தார்.

இரண்டு ரொட்டி சாப்பிட்டேன். வசனத்தையும் சேர்த்து விழுங்கினேன்.

ஒக்டோபர் 25, ஞாயிறு

குளிர்காலத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். ஐந்து மணிக்கே இருட்டு. விளக்கைப் போட்டால் படுக்கை விரிப்பில் எங்கள் நிழல்கள், தெருவுக்கே படம் காட்டுகிறோம்.

ஹொலண்டில் முதல் வருடம் நினைவுக்கு வந்தது. அங்கே முன் யன்னலை மூடவேமாட்டார்கள். மாலையில் நடந்துபோனால் வீட்டுக்கு வீடு விளக்கும் சாப்பாட்டு மேசையும் ஆட்களும் தெரியும். எனக்குக் கூச்சமாக இருக்கும். பிறகு விளங்கியது: ஒவ்வொரு யன்னலையும் ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார். சாடி, பூ, விளக்கு, எல்லாம். எங்கள் யன்னலில் மட்டும் யோசித்தது எதுவும் இல்லை. அகதி விடுதியில் தந்த திரை. அங்கே தந்த கோட்டுத்தான் நான் ஐந்து குளிர்காலம் போட்டது. ஆண்களின் கோட்டு. பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டியதும் இல்லை, குளிர் அப்படி.

இந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சோபா இவருடைய சிநேகிதர் தந்தது. மேசை, பழைய வீட்டுக்காரர் விட்டுப்போனது. கோப்பைகள், கல்யாணி அக்கா. எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னேன், மனதாரத்தான். இப்போதும் சொல்வேன்.

ஆனால் இப்போது எனக்குக் குளிரவில்லை. அதுதான் வித்தியாசம். குளிராதவள் ஒரு பொருளைப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம் இல்லையா? — சொன்னால் அது நன்றிகெட்டதனமா? தெரியவில்லை. சனிக்கிழமை போகிறேன்.

ஒக்டோபர் 31, சனி

போனேன். ஸ்டொக்வெல்லில் ரயில் மாறி, வால்தம்ஸ்டோ வரைக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். கையில் ஒரு டப்பாவில் வடை. வடையோடு போனது பிழை. நல்ல செய்தி கொண்டுவருகிறேன் என்று அத்தான் நினைத்திருப்பார்.

நீள மேசையில் துணி வெட்டிக்கொண்டிருந்தார். "வாரும் வாரும். தனியவோ வந்தனீர்?" என்றார். கல்யாணி அக்கா தையல் இயந்திரத்தில் இருந்து எழுந்தார்.

உட்காராமலே சொன்னேன். உட்கார்ந்தால் தேநீர் வரும், தேநீர் வந்தால் சொல்லமுடியாது.

"அத்தான், அந்த வைன் நிறம் எனக்குப் பிடிக்கேல்லை. அண்டைக்கே சொல்லியிருக்கவேணும். என்ரை பிழை."

கத்தரிக்கோல் நின்றது.

"பிடிக்கேல்லையோ?"

"எங்கடை முன்னறைக்கு வெளிச்சம் வாறதில்லை. இளம் பச்சை ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன்."

"எட்டு வரியத்திலை ஒருத்தரும் இப்பிடிச் சொன்னதில்லை." கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். பிறகு, குரல் இறங்கிக் கேட்டார்: "எல்லாருக்கும் பிடிக்கேல்லையோ? இல்லாட்டி உமக்கு மட்டுமோ?"

அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "எனக்கு மட்டும்தான் அத்தான்."

"சரி. விருப்பமான இடத்திலை வாங்கும்." மீண்டும் வெட்டத் தொடங்கினார்.

கல்யாணி அக்கா ஸ்டேசன்வரை வந்தார். "நீர் சொன்னது பிழையில்லை மலர். சொன்ன நாள்தான் பிழை. நேற்று இரவிரவா இருந்து முடிச்சவர். மூலையிலை நிண்டதைக் காணேல்லையோ?"

கண்டேன். மூன்று நீளப் பொதி, பழுப்புத் தாள் சுற்றி. கறுப்புப் பேனையால் தமிழில் எழுதியிருந்தது: மலர், மோர்டன். கண்டுவிட்டுத்தான் சொன்னேன். அதை அக்காவிடம் சொல்லவில்லை.

ஐயோ, என்ன செய்துபோட்டன். ஒரு திரைத்துணிக்காக. ஏழு மாதம் சோறு போட்ட மனிசன் — ஒரு நிறத்துக்காகவோடி? வாயை மூடிக்கொண்டு மாட்டியிருந்தால் என்ன, செத்தே போயிருப்பன்?

நவம்பர் 1, ஞாயிறு

ஞாயிறுகளில் பத்து மணிக்கு அத்தான் எங்களுக்குப் போன் எடுப்பார். இன்று எடுக்கவில்லை.

நவம்பர் 8, ஞாயிறு

இன்றும் இல்லை. இவர் என்னைக் குறை சொல்லவில்லை. போனைச் சமையலறையில் இருந்து முன்னறைக்குக் கொண்டுவந்து வைத்தார், மணி கேட்கட்டும் என்று. அதுதான் கூடுதலாக வலித்தது.

லக்‌ஷிகா மட்டும்: "பெரியப்பா வில் கெற் ஓவர் இற், அம்மா. அவர் என்ன பேபியா?"

அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அவர் கோபத்தில் இல்லை. எட்டு வருடத்தை ஒவ்வொரு வீடாகத் திரும்பி நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நவம்பர் 15, ஞாயிறு

படுக்கை விரிப்பு அப்படியே தொங்குகிறது. பச்சைக்கு ஓடர் கொடுக்கக் கை வரவில்லை. இன்று இவர் எரிந்து விழுந்தார்: "அதுவும் இல்லை, இதுவும் இல்லை. பிறகென்னத்துக்கு அந்த மனிசனிட்டைப் போய்ச் சொன்னனீர்?"

கோபம் வந்தது. அரை மணித்தியாலத்தில் அவர் கேட்டது சரி என்று பட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறெதையும் வாங்காமல் இருந்தால் அத்தானுக்கு என்ன அர்த்தம்? அவருடையதைவிட வெறும் யன்னல் மேல் என்றாகும். அவரிடம் சொன்னதற்கு நான் செய்யக்கூடிய ஒரே மரியாதை, சொன்னதுபோல வாங்குவது.

நாளை ஓடர் கொடுக்கிறேன்.

நவம்பர் 28, சனி

பச்சைப் பிளைண்ட்ஸைப் பூட்டிவிட்டார்கள்! கடை ஆள் அரை மணித்தியாலத்தில் அவசரமாகப் பூட்டிவிட்டுப் போனான்.

பிற்பகல் இரண்டு மணி. மேகம். மூன்று பிளைண்ட்ஸையும் இறக்கிவிட்டு, நடு அறையில் நின்றேன். சுவரெல்லாம் மெல்லிய பச்சை படிந்தது. கண்டுபழகிய சோபாவே புதிய சோபாவாக இருந்தது. என் கையை நீட்டிப் பார்த்தேன், அதிலும்.

இவர் வந்து பக்கத்தில் நின்று, "நீர் சொன்னது விளங்குது" என்றார். அவ்வளவுதான். அது போதும்.

லக்‌ஷிகா இரண்டு சிநேகிதிகளை வரச் சொல்லியிருக்கிறாள். படுக்கை விரிப்பைக் கழுவிப் போட்டேன்.

நிறைவாக இருக்கிறது. முழு நிறைவென்று எழுதமாட்டேன், நாளை ஞாயிறு.

டிசம்பர் 13, ஞாயிறு

பத்து மணிக்குப் போன் வரவில்லை. பதினொரு மணிக்கு ஆளே வந்தார்.

பக்கத்து ஊர் மிட்சமில் ஒரு வீட்டில் வேலையாம், போகிற வழியாம். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. சோபாவில், யன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். தேநீர் குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார், வானின் டயரைப் பற்றிப் பேசினார். நான் சமையலறை வாசலிலேயே நின்றேன்.

கோப்பையை வைத்தபிறகுதான் திரும்பினார். எழுந்து போய் நடுச் சங்கிலியை இழுத்தார். ஏற்றினார். இறக்கினார். இரண்டு எட்டுப் பின்னுக்கு வந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஆர் பூட்டினது?"

"கடை ஆள் அத்தான்."

"மூண்டும் மூண்டு உயரம். கண் தெரியாதவனோ?" இவரிடம் திரும்பினார்: "குகன், வானுக்கை என்ரை டிறில் கிடக்கு, எடுத்துக்கொண்டு வா."

நானும் பார்த்தேன். அரை அங்குலம்கூட இருக்காது. இரண்டு வாரம் நான் கவனிக்கவே இல்லை. அப்படியே விட்டிருந்தால் இனிமேல் அது ஒன்றுதான் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்.

மூன்றையும் கழற்றி, நீர்மட்டக் கருவி வைத்துக் கோடு போட்டு, திரும்பப் பூட்டினார். முக்கால் மணித்தியாலம். இவர் கதிரையைப் பிடித்தார், நான் திருகாணிகளை ஏந்திக்கொண்டு நின்றேன். அவர் ஒரு திருகாணியை வாங்கும்போது, நான் யன்னலைப் பார்த்தபடி கேட்டேன்.

"எங்களுக்குச் செய்த வைன் என்னாச்சு அத்தான்?"

"வெட்டிச் சின்னனாக்கி கமலாம்பிகை மாமியின்ரை மேலறையளுக்குப் போட்டிட்டன்."

"மாமி கேட்டவவோ?"

"இல்லை," என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கதிரை ஆடியது. "அண்ணை, பாத்து!" என்று இவர் கத்தினார்.

இறங்கித் துணியைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "தடிப்புக் காணாது." கொஞ்சம் கழித்து: "வெளிச்சம் நல்லாத்தான் வருது."

வாசலில் சப்பாத்துப் போட்டபடி சொன்னார்: "மேலை ரெண்டு அறை இருக்குத்தானே. வெள்ளிக்கிழமை சாம்பிள் புத்தகம் கொண்டுவாறன். நீரே பாத்துச் சொல்லும்."

டிசம்பர் 18, வெள்ளி

பனி கொட்டியிருந்தது. வரமாட்டார் என்று நினைத்தோம். வந்தார், கல்யாணி அக்காவையும் கூட்டிக்கொண்டு. மூன்று தடித்த புத்தகங்கள். நிலத்தில் விரித்துவைத்து எல்லோரும் சுற்றி இருந்தோம்.

அவர் முதலில் திறந்த பக்கம் வைன்.

"இதையும் ஒருக்கால் பாரும்," என்றார், முகத்தில் சிரிப்பில்லாமல். "பெரியப்பா!" என்றாள் லக்‌ஷிகா.

"வேண்டாம் அத்தான்," என்றேன்.

"சரி," என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.