எட்டுக்கு வைத்த இறால் ஸ்டூ

இஞ்சாருங்கோ,

உங்களைக் கூப்பிட எனக்கு வேறு சொல் பழக்கமில்லை. பதினெட்டு வருடம் இப்படித்தான் கூப்பிட்டேன், நீங்களும் "என்னப்பா" என்று திரும்பினீர்கள். இனித் திரும்ப மாட்டீர்கள் என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களோடு எனக்கிருக்கிற கோபம் நாலு வருடமாகியும் ஆறவில்லை. ஆள் போய்விட்டார் என்பதற்காகக் கோபமும் கூடவே போய்விடுமா?

முதலில் நல்ல செய்தியைச் சொல்கிறேன். எங்கள் மாலினிக்கு வருகிற சனிக்கிழமை கலியாண எழுத்து. கோயில் சடங்கு பிறகு ஆவணியில். பெடியன் மனோர் பார்க் பக்கம். நல்ல பிள்ளை, வாய்தான் கொஞ்சம் நீளம். உங்கள் மகளின் வாயைப் பார்க்க அது ஒன்றுமில்லை, சமாளித்துக்கொள்வார்கள்.

நேற்றுப் பின்னேரம் மாலினி வேலையால் வந்து, சப்பாத்தும் கழற்றாமல் குசினி வாசலில் நின்றாள். "அம்மா, சனிக்கிழமை றெஜிஸ்ட்ரார் அப்பான்ரை பேரும் என்ன வேலை செய்தவர் எண்டும் கேப்பாவாம். ரெண்டும் புத்தகத்திலை ஏறுமாம். பெரியப்பா போன் பண்ணி மனேஜர் எண்டு சொல்லச் சொல்லுறார். நான் என்ன சொல்ல?"

எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. கழுவிக்கொண்டிருந்த சட்டியைப் போட்ட சத்தத்தில் பிள்ளை பயந்துபோனாள். "நாளைக்குச் சொல்லுறன்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பதிலைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

மனேஜராம். யார் மனேஜர்? யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்கக் கிளாக்கராக இருந்தவர் நீங்கள். எண்பத்து நாலில் இந்த லண்டனுக்கு வந்து, பெற்றோல் செட்டில் நின்று, பிறகு வெஸ்ட் எண்டில் அந்த அமெரிக்கச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போனீர்கள். அங்கே தலைமைச் சமையற்காரர் றேமன்ட், லூசியானாக்காரர். ஒரு நாள் ஆள் போதாது என்று உங்கள் கையில் ஒரு மர அகப்பையைத் தந்து கிண்டச் சொன்னார். அதற்குப் பிறகு ஆறு வருடம் அந்த அகப்பையை வேறொருவர் கையில் அவர் கொடுக்கவில்லை.

இது உங்கள் அண்ணருக்குத் தெரிய வந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். சட்டனிலிருந்து காரில் வந்து, எங்கள் சோபாவில் இருந்து, நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார். "தம்பி, குசினி எண்டு வெளியிலை வாய் திறக்காதை. ஹோட்டல் மனேஜர் எண்டு சொல்லு. நான் இஞ்சை ஒரு அக்கவுண்டன். எங்கடை குடும்பத்துக்கெண்டு ஒரு மரியாதை இருக்கு."

நீங்கள் "ஓம் அண்ணை" என்றீர்கள். அந்த "ஓம்" தான் என் முதல் கோபம். கச்சேரியில் அரசாங்க அதிபரோடேயே எதிர்த்துக் கதைத்த வாய், அன்றைக்கு எங்கே போனது?

வெளியில் மனேஜர், வீட்டில் செவ்வாய்க்கிழமை லீவென்றால் காலையிலேயே குசினியைப் பிடித்துவிடுவீர்கள். ஊரில் ஒரு நாள் அடுப்படிக்குள் எட்டிப் பார்க்காத மனிதர்! மரக்கறி எண்ணெயும் கோதுமை மாவும் சரிபாதி, அடிகனத்த சட்டி, மெல்லிய நெருப்பு. முக்கால் மணித்தியாலம் கை எடுக்காமல் கிண்டுவீர்கள். "ரூ" என்று அதற்குப் பெயர் சொன்னீர்கள். மா முதலில் வெளிறி, பிறகு மஞ்சளாகி, சிவந்து, கடைசியில் வறுத்த கோப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும். அந்த நேரம் வீடு பற்றினால்கூடத் திரும்ப மாட்டீர்கள். "ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தா எல்லாத்தையும் கொட்ட வேணும்" என்பீர்கள்.

பிறகு வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய், உள்ளி. ரூட்டிங் சந்தையில் தலையோடு வாங்கிய இறாலின் தலையும் கோதும் அவித்து வடித்த தண்ணீர். பிரிஞ்சி இலை, கொஞ்சம் மிளகாய்த் தூள். ஒரு மணித்தியாலம் கொதித்த பிறகு அவித்த முட்டை முழுசாக. இறால் கடைசியில், ஐந்தே நிமிடம். எங்கள் கறித்தூள் அந்தப் பக்கம் வரவே கூடாது. ஒரு தரம் நான் தெரியாமல் அரைக் கரண்டி போட, வாயில் வைத்ததும் "ஆர் தூள் போட்டது?" என்று பொலிஸ்காரன் மாதிரி விசாரித்தீர்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த ஸ்டூ ஒரு நாளும் பிடித்ததில்லை. புளி இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, ஒரு கருகல் மணம் வேறு. மாலினிதான் கோப்பையை வழித்து வழித்துச் சாப்பிடுவாள். ஆனால் அதைச் சோற்றில் விட்டுப் பிசையும்போது உங்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். ஊரை விட்டு வந்த பிறகு அந்த முகத்தை வேறு எதிலும் நான் பார்க்கவில்லை. அதற்காகவே வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

இந்த ரூ இருக்கிறதே, அது தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு எரியும். உங்கள் இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தழும்பு. ஆனி மாத வெயிலில், வேர்த்து ஊற்றுகிற கலியாண மண்டபத்தில், முழுக்கைச் சட்டை போட்டுப் பொத்தானும் பூட்டிக்கொண்டு நிற்பீர்கள். கேட்டால் "குளிருதப்பா" என்பீர்கள். நான்தான் அந்தச் சட்டைகளை ஸ்திரி போட்டுத் தந்தேன். அதுவும் என் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன்.

கடைசிக் கிழமை முழுக்க "வாய்வு, வாய்வு" என்று இஞ்சி அவித்துக் குடித்தீர்கள். டொக்டரிடம் போங்கோ என்று மூன்று நாள் கத்தினேன். எங்கள் டொக்டர் உங்கள் அண்ணரின் கூட்டாளி, பத்து நிமிட நடை. "பாப்பம், பாப்பம்." வெள்ளிக்கிழமை காலை வேலைக்கு வெளிக்கிட்ட மனிதர், எங்கள் வீட்டடிப் பஸ் தரிப்பிடத்திலேயே விழுந்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர முதல் எல்லாம் முடிந்துவிட்டது.

இறப்பைப் பதியப் போன இடத்திலும் தொழில் கேட்டார்கள். நான் வாய் திறக்க முதல் பக்கத்திலிருந்த உங்கள் அண்ணர் "ஹோட்டல் மனேஜர்" என்றார். நான் கையெழுத்து வைத்தேன். அந்தப் பத்திரம் அலுமாரியில் கிடக்கிறது. இன்றுவரை அதை நான் எடுத்துப் பார்த்ததில்லை.

பிறகு எட்டுச் செலவு வந்தது. செத்தவருக்கு விருப்பமான சாப்பாடெல்லாம், மச்சம் மாமிசத்தோடு சமைத்து, வாழையிலையில் படைக்கிற நாள். உங்கள் அண்ணர் பட்டியல் போட்டார். ஒடியற்கூழ், ஆட்டிறைச்சிப் பிரட்டல், கணவாய்க் கறி. நான் "இறால் ஸ்டூவும் வைக்க வேணும்" என்றேன்.

"உதென்ன வெள்ளைக்காரன்ரை சாமான்? எட்டுக்கு வைக்கிறதே?"

"அவருக்கு அதுதான் அத்தான் விருப்பம்."

"சனம் வந்து இது என்ன, ஆர் பழக்கினது எண்டு கேக்கும் பிள்ளை. என்ன சொல்லப் போறீர்?"

"உங்கடை தம்பிக்குப் பிடிச்சதை வைக்காமல் அவருக்குப் படைக்க எனக்கு ஏலாது அத்தான்" என்றேன். அழுதபடி சொன்னதால் விட்டுவிட்டார். விதவை அழுதால் கொஞ்சம் மதிக்கிறார்கள்.

முதல் நாளே ஒத்திகை பார்த்தேன். மா எண்ணெயோடு சேரவேயில்லை. மணல் மாதிரித் தனியே நின்றது, பிறகு கட்டி கட்டியாகிக் கருகியது. இரண்டு தரம் கொட்டினேன். கடைசியில் மாலினியிடம் நம்பர் கேட்டு உங்கள் கடைக் குசினிக்குப் போன் எடுத்தேன். றேமன்ட் வந்து "நேட் வீடா?" என்று கேட்க, பிழையான இடம் என்று வைக்கப் பார்த்தேன். உங்களை அவர்கள் அங்கே நேட் என்று கூப்பிட்டதைக்கூட நீங்கள் எனக்குச் சொல்லவில்லை.

என் உடைந்த இங்கிலீசில் விஷயத்தைச் சொன்னேன். "எந்த மா?" என்றார். "எங்கடை மாதான், அவிச்சு அரிச்சது" என்றேன். "அவித்ததா? ஏன் அம்மா மாவை அவித்தீர்கள்?" என்று கேட்டார். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்து வைத்த மாப் பேணியிலிருந்து அள்ளிப் போட்டிருக்கிறேன்! நீங்கள் ஒவ்வொரு செவ்வாயும் கடையிலிருந்து பச்சை மா வாங்கி வந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. அந்தத் துக்கத்திலும் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

சிரித்து முடியத்தான் அவர் அதைச் சொன்னார். ஒரு கிழமையாக உங்களுக்கு நெஞ்சும் இடது கையும் நொந்ததாம். டொக்டரிடம் போகச் சொல்லி அவரும் கத்தினாராம். நீங்கள் சொன்னீர்களாம், "டொக்டர் பிறசர் பார்க்கச் சட்டைக் கையை மடிப்பார். தழும்பைப் பார்ப்பார். அண்ணனுக்குத் தெரிந்தவர்" என்று.

கடவுளே. ஒரு சட்டைக் கை. அதை மடிக்க வெட்கப்பட்டா செத்தீர்கள்? நெஞ்சு நோகிறது என்று லூசியானாக்காரருக்குச் சொல்லத் தெரிந்த உங்களுக்கு, பக்கத்தில் படுத்த எனக்குச் சொல்லத் தெரியவில்லையா? என்னிடம் என்ன மரியாதை போய்விடும் என்று பயந்தீர்கள்? நாசமாய்ப் போன மரியாதை.

அந்த ஆத்திரத்தோடுதான் எட்டாம் நாள் கிண்டினேன். புது மா, உங்கள் சட்டி, முக்கால் மணித்தியாலம். உங்களைத் திட்டத் திட்ட அது நிறம் மாறியது. இறால் தண்ணீரை ஊற்றும்போது தெறித்து என் இடது மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. அப்படியொரு எரிவு! இதை ஆறு வருடம் எப்படித் தாங்கினீர்கள்?

இலையில் கூழுக்குப் பக்கத்தில் ஸ்டூவை வைத்தேன், நடுவில் முட்டையோடு. படைத்து முடிந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். டொக்டரும் வந்திருந்தார், இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு "நல்லாயிருக்கே, இது என்ன?" என்று என்னைத்தான் கேட்டார். என்னைத்தான். உங்கள் அண்ணர் முந்திக்கொண்டார். "தம்பியின்ரை ஹோட்டல் சாப்பாடு டொக்டர். மனேஜர் எண்டபடியால் அவன்தான் ஒவ்வொரு நாளும் ருசி பாக்கிறது."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அகப்பையோடு நின்றேன். சொல்லு, சொல்லு என்று நெஞ்சு அடித்தது. வாயைத் திறந்தேன். "இன்னும் கொஞ்சம் போடட்டோ டொக்டர்?" என்று கேட்டேன்.

அதுதான் இஞ்சாருங்கோ, எனக்கு என்மேல் இருக்கிற கோபம். உங்களுடைய "ஓம் அண்ணை"யும் என்னுடைய "போடட்டோ டொக்டர்"உம் ஒன்றுதான். உங்களைத் திட்ட எனக்கு என்ன வாய் இருக்கிறது? ஆனாலும் திட்டுவேன்.

அன்றிலிருந்து நானும் மணிக்கட்டில் அந்தத் தழும்பின் மேல் அகலக் காப்புப் போடுகிறேன். சனம் கேட்டால் மாலினி வாங்கித் தந்தது என்கிறேன். போன கிழமை கோயிலில் அதை இழுத்து மறைத்தபோதுதான், நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

ஆகவே கேளுங்கோ. சனிக்கிழமை எழுத்துக்கு நான் முன் கதிரையில் இருப்பேன், அந்தக் காப்பு இல்லாமல். அப்பாவின் பெயரும் தொழிலும் கேட்கும்போது மாலினி என்னைப் பார்ப்பாள், இன்றைக்கே அவளிடம் அப்படிச் சொல்லி வைக்கிறேன். உங்கள் அண்ணர் செருமுவார், செருமட்டும். இத்தனை வருடம் என் வாயால் ஒரு நாளும் சொல்லாத உங்கள் பெயரை முழுசாகச் சொல்லி, அடுத்த சொல்லாகச் சமையற்காரர் என்று அந்தப் புத்தகத்தில் ஏற்றுவேன். பத்திரம் கைக்கு வந்ததும் அந்தச் சொல்லை இரண்டு தரம் வாசித்துப் பார்த்துத்தான் எழும்புவேன்.

மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. இறால் ஸ்டூ, பச்சை மாவில். றேமன்ட் உங்கள் அகப்பையைக் கொண்டு வருகிறார். டொக்டருக்கும் சொல்லியிருக்கிறேன். அவர் இது என்ன என்று கேட்டால் இடது கையை நீட்டிக் காட்டுவேன், யார் பழக்கியது என்றும் சொல்லுவேன். பிறகு, நீங்கள் பார்க்காமல் விட்டதற்கும் சேர்த்து, என் பிறசரை அங்கேயே பார்க்கச் சொல்லுவேன். எனக்குச் சட்டைக் கையை மடிக்க வெட்கமில்லை.

இப்படிக்கு,
சமையற்காரர் நடேசனின் மனைவி