நானூற்று இருபது

மார்ச் 3, செவ்வாய்

ஆராய்ச்சிப் பெண் வந்தாள். செருப்பை ஒழுங்காக விட்டாள், நல்ல வளர்ப்பு. அவர் போய் ஆறு வருடம். அவருடைய குறிப்புகளைக் கேட்டு வந்த முதல் ஆள். வன அலுவலகத்தில் வெறும் எழுத்தரான அவர், மேல்சரிவில் மலைத் தேவாங்கைப் பார்த்தேன் என்றபோது சிரிக்கத்தான் செய்தார்கள். இருபதாம் தேதிக்குள் ஒன்றையாவது படம் பிடித்தால் அங்கே மரம் வெட்டுவது நிற்குமாம். நான் எடுத்த சுத்தப் பிரதியைக் கொடுத்தேன். ஓர் அடித்தல்கூட இல்லாத பிரதி. அழுக்கேறிய மூலத்தைப் பிரதியெடுத்த அன்றே எரித்துவிட்டேன்.

மார்ச் 9

தொலைபேசியில் அவள். "பாறையிலேருந்து நானூத்தி இருபது மீட்டர்னு எழுதியிருக்கு. அங்க வெறும் கல்லுதான் ஆன்ட்டி. அங்கிள் மரநாயைப் பார்த்துட்டுச் சொல்லியிருப்பாரோ?"

ஆன்ட்டியாம். உடனே வைத்துவிட்டேன்.

மார்ச் 11

தூக்கமில்லை. அவர் பொய் சொல்பவரா? இல்லை. பின்னே?

மார்ச் 13

மாடிப்படி ஏறும்போது நினைவு வந்தது. படியில்கூட வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஏறுவார்.

மூலத்தில் எண் மட்டும்தான் இருந்தது. அலகில்லாத எண் அரைகுறை என்று கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான், 'மீட்டர்' சேர்த்தேன். அவர் எண்ணியது காலடியை. ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன்.

மார்ச் 14

சொன்னால் அவருடைய காலின் குறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவரில் மாட்டிய எல்லாப் படங்களிலும் அவரை நாற்காலியில் உட்கார வைத்தவள் நான்தானே. சொல்லாவிட்டால் — காடு போகும். அவர் சொன்னதும் பொய்யென்றே ஆகிவிடும்.

மார்ச் 15, ஞாயிறு

அவர் நாற்காலியிலிருந்து சமையலறை வாசல் அவருக்குப் பதினெட்டுக் காலடி. முப்பத்தொரு வருடம் கேட்ட சத்தம், தவறாது. தையல் நாடாவால் அளந்தேன்: ஏழு மீட்டர் இருபது. ஒரு காலடி நாற்பது சென்டிமீட்டர்.

கூப்பிட்டேன். "அது மீட்டர் இல்லை, காலடி. தப்பு என்னுது. நூத்தி அறுபத்தெட்டு மீட்டர். மேடுன்னா இன்னும் குறையும், நூத்தம்பதுலேருந்து தேடு."

"நாப்பது சென்டிமீட்டரா? குழந்தை நடை மாதிரி இருக்கே ஆன்ட்டி."

"இடது கால் சூம்பினது. சின்ன வயசுக் காய்ச்சல். எழுதிக்கோ."



மார்ச் 17

செய்தி இல்லை.

மார்ச் 18

இல்லை. நாடாவை மறுபடி வைத்துப் பார்த்தேன். அதே ஏழு இருபது.

மார்ச் 20

காலையில் வந்தாள், காலெல்லாம் சேறு. அப்படியே உள்ளே வரச் சொன்னேன். நூற்று அறுபத்தோராவது மீட்டரில், கொடிப் புதரில், வயிற்றில் தொற்றிய குட்டியோடு ஒரு தேவாங்கு. படத்தில் கண்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. அறிக்கை போய்விட்டதாம்.

இதைப் பற்றிய கட்டுரையோடு அச்சிட அவர் படம் கேட்டாள். பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கைத்தடியோடு, நின்றபடி.