மொரப்பூரில் எழுதிய கடைசி வரி

இண்டூர்
ஐப்பசி மாதம்

அன்பு மகள் கனிமொழிக்கு, இங்கே நானும் உன் அப்பாவும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காதைப் போர்த்திக்கொண்டு நலமாக இருக்க முருகன் துணை. கொல்லையில் ராகி கதிர் பிடித்துவிட்டது, மயில் விரட்டப் போகிறேன் என்று போகிற மனுஷன் மத்தியானம்தான் வூடு திரும்புகிறார், சொன்னால் கேட்பதில்லை.

மாதம் ஒரு நாவல் என்று எழுதித் தள்ளிய என்னிடம் பதிப்பாளர் மாதவராஜ் இப்போது கவிதை கேட்கிறார். அத்தியாயம் எழுத உட்காரும் முன் எனக்காக நாலு வரி கிறுக்கிக்கொள்வேனே, எனக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து அட்டைப்பெட்டியில் சேர்ந்து கிடக்கிறதே, அதைத்தான். தை மாதம் புத்தகமாகப் போடலாம் என்றார், சரி என்றேன். டைப் அடிக்க யுவராணி என்று ஒரு பெண்ணை அனுப்பினார். தங்கமான பெண், என் நாவல் ஒன்று விடாமல் படித்தவள், அதுதான் வினையாகப் போனது. என் கையெழுத்து நாவலை அச்சுக்குப் புரியும்படி எடுத்தெழுதித் தந்தவள் நீ, கவிதையை யார் எடுத்தெழுதினார்கள்? புரியாத இடத்திலெல்லாம் அவள் என் நாவல் வசனத்தைப் போட்டு நிரப்பிவிட்டாள். நீ டப்ளினுக்குக் கிளம்பிய அன்று மொரப்பூர் ஸ்டேஷனில் உன்னை ரயில் ஏற்றிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதியது, காதலனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் பாட்டாகிவிட்டது. மாதவராஜுக்கு ஏக சந்தோஷம். "இதுதாங்கம்மா விக்கும், இப்படியே வுட்டுடலாங்க" என்கிறார். நாவலில் யார் எதை மாற்றினாலும் நான் வாய் திறந்ததில்லை, அது வாசகர்களுக்கு எழுதியது. இது என்னுடையதடி. இதையும் விட்டுக்கொடுத்தால் நான் எழுதியதென்று எனக்கு எதுவும் மிஞ்சாது.

சரி, நானே திருத்தலாம் என்று அந்தத் தாளை எடுத்தால் கடைசி வரியில் என் கையெழுத்து எனக்கே விளங்கவில்லை. நீ போன அன்று மனசில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியாமல் போயிற்றே என்று அழுகை வந்துவிட்டது. உன் அப்பாவுக்கும் தெரியவில்லை. ஃபோனில் சொன்னதற்கு, ஃபோட்டோ எடுத்து அனுப்பு, நான் அடித்துத் தருகிறேன் என்றாய். எனக்கு வேண்டியது அது இல்லை கண்ணு. நீ பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், நான் கேட்க வேண்டும். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. என் மகள் வந்து வாசித்த பிறகுதான் புத்தகம் என்று மாதவராஜிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார், கோபிக்கட்டும்.

இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டு. மறந்துவிடாதே, அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், வேறு பிரதி கிடையாது. கடைசி வரி புரிந்தால் ஃபோனில் சொல்லாதே, தபாலிலும் அனுப்பாதே. கையில் கொண்டு வா.

உன் அம்மா
பானுமதி