வால்வின் வாயில் வைத்த பொட்டு

அன்பு மகள் வானதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் மழைக்கு முந்திக்கொண்டு வந்துவிட்டது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். வலங்கைமான் வயலில் சம்பா நடவு முடிந்தது, ஆள் கிடைக்காமல் மெஷினில்தான் நட்டோம், அம்மா வரப்பில் நின்று குறை சொல்லிக்கொண்டே இருந்தாள், பயிர் என்னவோ நன்றாகத்தான் பிடித்திருக்கிறது.

எங்கள் கம்பெனியில் பெரிய வால்வுகளின் உள்பக்கம் துருப்பிடிக்காத உலோகத்தை வெல்டிங்கில் உருக்கிப் பூசுவது உனக்குத் தெரியும். முப்பது வருஷம் நான் குனிந்து கையால் பூசியதை இந்த வருஷம் வந்த மெஷின் பூசுகிறது. பொய் சொல்லக் கூடாது, என்னைவிடச் சீராகப் பூசுகிறது, என் இடுப்பும் பிழைத்தது. அதை ஓட்டுவது வேம்பு, இரண்டு பிள்ளைக்காரி, ஒரு தூசி இருக்க விடமாட்டாள். ஆயுத பூஜை அன்று மெஷினில் ஏற்றிய வால்வைத் துடைத்து ரிஜிஸ்டரில் கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் பூஜைக்கு வந்தாள். அதற்கப்புறம் நான் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு வால்வின் வாயிலும், உள் விளிம்பில், ஒரு பொட்டு வைத்துவிட்டேன். வருஷா வருஷம் வைக்கிறதுதான். கையால் பூசும்போது கண்ணில் படும், துடைத்துவிட்டுத் தொடங்குவேன். மெஷினுக்கு ஏது கண்? விடுமுறை முடிந்து வேம்பு பட்டனை அழுத்தினாள், அது பொட்டின் மேலேயே பூசிக்கொண்டு போய்விட்டது.

அடியில் பொட்டு எரிந்து புகைந்ததில், சோதனையில் ஊசி குத்தியதுபோல ஓட்டைகள். இரண்டு டன் வால்வு, பூசியதை எல்லாம் கடைந்தெடுத்து மறுபடி பூச வேண்டும். துடைக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று மேனேஜர் வேம்புவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஓட்டை விழுந்த இடத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. இந்த மாதத்தோடு எனக்கு ரிட்டயர்மென்ட், இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொள்கிறோம் என்ற கடிதம் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. நாலாம் நாள்தான் போய்ச் சொன்னேன். வேம்புவை அன்றைக்கே கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கு அந்தக் கடிதம் இனி வராது. வருத்தம்தான், ஆனாலும் நியாயம்.

நானாகவே போய் ஒத்துக்கொண்டேன் என்று அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, உன்னிடமும் அளந்திருப்பாள், போனில் பேசினால் ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள் என்றுதான் எழுதுகிறேன். வேம்பு வேலைக்கு வந்ததும் கோபப்படவில்லை, எனக்கு டீ எடுத்துவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "மூணு நாளு ஏண்ணே சும்மா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். டம்ளரைக் கழுவி வைக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன், வானதி.

குழந்தைக்குத் தடுப்பூசித் தேதியைத் தவறவிடாதே. மூவரும் நோய்நொடியில்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும். அம்மாவிடம் அந்த மூன்று நாளைப் பற்றி நானே சொல்கிறேன், அதுவரை அவள் என்னைப் புகழ்ந்தால் நீ கூடச் சேர்ந்து புகழாதே.

இப்படிக்கு,
ஆசீர்வாதத்துடன் அப்பா,
தியாகராசன்