பன்னிரண்டு பணிவான பதில்கள்

என் பிரியமுள்ள மல்லிகா அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருடமாகிறது. உன் குவார்ட்டர்ஸில் வேறு குடும்பம் இருக்கிறது. நீ வைத்த முருங்கையை அவர்கள் வெட்டவில்லை. காய் பறிக்கும்போது என்னைப் பார்த்தால் மட்டும் திருடி மாட்டிக்கொண்டவர்கள்போல் சிரிக்கிறார்கள். நான் அதே பயிற்சி நிலையத்தில், நர்சிங் அசிஸ்டென்ட் படிக்கும் பெண்களுக்கு வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

‘பன்னிரண்டு பணிவான பதில்கள்’ என்று ஒரு பாடம் எழுதினேனே, நினைவிருக்கிறதா? எஸ் டாக்டர், ஷ்யூர் டாக்டர், சர்டன்லி டாக்டர். நீ உடம்பு முடியாமல் படுத்திருந்தபோது பெருமையாகக் கொண்டுவந்து காட்டினேன். முப்பது வருடம் வார்டு பார்த்த நர்ஸ், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பன்னிரண்டையும் படித்தாய்.

“நல்லாதான்டா இருக்கு. இதுல ‘இல்ல’ன்னு சொல்ற பதில் எங்க?”

“பணிவான பதில்னுதானேக்கா தலைப்பு?”

“அப்ப ஆஸ்பத்திரிக்கு வேணாம். கல்யாண வூட்டுல பந்தி விசாரிக்க வெச்சிக்கோ.”

இருவரும் சிரித்தோம். அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன். முதுகலைப் பட்டம் வாங்கியவனுக்கு எது நகைச்சுவை என்று தெரியாதா?

அந்தப் பாடத்தை முதலில் மனப்பாடம் செய்தவள் கலைச்செல்வி. வளையமாதேவி கிராமத்துப் பெண். அப்பா வீரமுத்து சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. நான் கேள்வியை முடிக்கும் முன்பே அவள் ‘எஸ் சார்’ என்பாள். முழு மதிப்பெண் போட்டேன்.

போன மாதம் அவளை ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்பினோம். அறுபது நாள் முடித்து அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் வேலை. முதல் வாரத்திலேயே ஒருநாள் காலை, முத்தாண்டிக்குப்பத்துப் பெரியவர் ஒருவருக்கு ஆபரேஷன். டாக்டர் வேகமாக நடந்துகொண்டே ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்: அவர் வெறும் வயிற்றோடுதான் இருக்கிறாரா, கேட்டுவிட்டாயா?

கேள்வி அவளுக்கு நன்றாகவே புரிந்தது. அது என் சாதனை. ஆனால் அவள் பெரியவரிடம் கேட்டிருக்கவில்லை. இருந்தும் சொன்னாள்: “எஸ் டாக்டர்.” உச்சரிப்பில் ஒரு குறையும் இருந்திருக்காது.

தியேட்டர் வாசல்வரை ஸ்ட்ரெச்சர் போய்விட்டது. அங்கே பெரியவர், தள்ளிக்கொண்டு போனவரிடம் சொன்னாராம்: “மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடுமாப்பா? காலையில வெறும் நாலு இட்லிதான் துன்னேன்.”

உனக்குச் சொல்லவேண்டியதில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மயக்க மருந்து கொடுத்த பிறகு அந்த இட்லி மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் ஆளே போய்விடலாம். பெரியவர் வார்டுக்குத் திரும்பினார். கலைச்செல்வி வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.

மறுநாள் அப்பாவும் மகளும் என் முன்னால் நின்றார்கள்.

“தப்பு எம்மேலதாங்க சார்” என்றார் வீரமுத்து. “எங்க வேலைல சூப்பர்வைசர் கேட்டா, முடிஞ்சிதுங்கன்னுதான் சொல்லணும். சொல்லிட்டு ஓடிப்போயி முடிச்சிகினு வருவோம். இல்லன்னு சொல்றவன அடுத்த கான்ட்ராக்ட்டுக்குக் கூப்புட மாட்டாங்க. அதான் இவகிட்ட, என்னா கேட்டாலும் ஆமாங்கன்னு சொல்லும்மான்னு சொல்லி அனுப்பனேன்.”

“நானும் கேட்டுக்கலாம்னுதான் சார் ஓடுனேன்” என்றாள் அவள். “அதுக்குள்ள ஸ்ட்ரெச்சர் போயிடிச்சி.”

அவர் தமிழில் சொல்லி அனுப்பியதைத்தான் நான் ஆங்கிலத்தில் பன்னிரண்டு விதமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர் அச்சடித்துக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மூவருமாக அந்த ஆஸ்பத்திரியின் நர்சிங் சூப்பரின்டென்டைப் பார்க்கப் போனோம். உன் வயது, உன் கோபம். நான் மிக நேர்த்தியான ஆங்கிலத்தில் விளக்கத்தைத் தொடங்கினேன்.

“சார், நீங்க உக்காருங்க” என்றார் அந்த அம்மா. பிறகு அவளிடம் திரும்பினார். “கேட்டியா, கேக்கலியா?”

கலைச்செல்வி அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எங்கள் இருவராலும் பயனில்லை என்று முடிவு செய்தாள்.

“நோ மேடம். ஐ டிட் நாட் ஆஸ்க். ஐ வாஸ் அஃப்ரெய்ட். ஐ டோல்ட் லை.”

கேட்கவில்லை, பயந்தேன், பொய் சொன்னேன். மூன்றுமே என் பாடத்தில் இல்லாத பதில்கள். கடைசியில் ஒரு சின்னச் சொல் விடுபட்டிருந்தது. நான் திருத்தவில்லை என்பதை நீ நம்பமாட்டாய்.

அந்த அம்மா வருகைப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். “இத அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷ வேலைம்மா. திங்கக்கிழமை வா. முதல் நாள்லேருந்து எண்ணிக்கணும், பழைய நாளெல்லாம் சேராது.”

இப்போது வகுப்பில் நான்தான் டாக்டர். வேகமாக நடந்துகொண்டே கேள்வி கேட்பேன். ‘இல்லை, இன்னும் செய்யவில்லை’ என்று சொல்லி அவர்கள் என்னை நிறுத்தவேண்டும். முதல் நாள் ஒருத்திக்கும் வாய் திறக்கவில்லை. சென்ற வாரம் எங்கள் நிலைய முதல்வர் எட்டிப் பார்த்து, ரெக்கார்டு நோட்டு எழுதியாயிற்றா என்று கேட்டார். வகுப்பே எழுந்து நின்று “நாட் யெட் சார்” என்றது. அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

நேற்று கலைச்செல்வி போன் செய்தாள்.

“சார், பிபி பாத்தாச்சான்னு டாக்டர் கேட்டாரு. நாட் யெட் டாக்டர், டூ மினிட்ஸ்னு சொன்னேன்.”

“என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல சார். நின்னாரு.”

அக்கா, ஒன்று கேட்கவேண்டும். கடைசி நாட்களில் வலிக்கிறதா என்று நான் கேட்டபோதெல்லாம் நீ “இல்லடா” என்றாய். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அது உண்மையா? இல்லை, என் பன்னிரண்டோடு சேர்க்கவேண்டிய இன்னொரு பணிவான பதிலா?

நீ கேட்ட பதில் இப்போது என் பாடத்தின் முதல் வரியாக இருக்கிறது. அதை என் முகத்துக்கு நேராக, நான் நிற்கும்படி சொல்லாத ஒரு பெண்ணையும் இனி வார்டுக்கு அனுப்ப மாட்டேன்.

பந்தி விசாரிப்பிலிருந்து ஒருவழியாகப் பதவி உயர்வு பெற்ற,
உன் தம்பி
சேகர்