சலவைக்கடையில் உனக்கொரு பங்கு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

நான் வேலை பார்க்கும் சலவைக்கடையை மூடப்போகிறார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? மூடவில்லை. தெருக்காரர்களே ஆளுக்கொரு பங்கு போட்டு வாங்கிவிட்டார்கள். நானும் ஒரு பங்கு வாங்கினேன், உன் பெயரில். கோபப்படாதே, வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் கை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்த்தேன், அவ்வளவுதான்.

நேற்று பங்குதாரர்களின் முதல் கூட்டம், கடையிலேயே. தரையைத் துடைத்துவிட்டு, நிற்கத் தெம்பில்லாமல் மெஷினில் சாய்ந்திருந்தேன். பங்கு வாங்கியவர்களில் ஒருவரான பக்கத்துக்கடைத் தையல்காரர், பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். உன் பெயர் வந்ததும் கை தூக்கினேன்.

“இது உங்க பேரா?”

“என் வீட்டுக்காரி பேருங்க. அவளுக்குப் பதிலா நான் வந்திருக்கேன்.”

“அப்போ இனிமே அவங்கதான் உனக்கு முதலாளி!” என்றாள் ரொட்டிக்கடை அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

இந்த ஊரில் உன் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டது அப்போதுதான்.

பங்குப் பத்திரத்துக்கு உன் கையெழுத்து வேண்டும். கூடவே உன் பழைய போர்வை ஒன்றையும் அனுப்பு. துவைக்காமல் அனுப்பு, இங்கே எல்லாமே சோப்பு வாசம்.

மெஷின் நின்றுவிட்டது, துணி எடுக்க வேண்டும். முதலாளியம்மா, ஒருநாள் லீவு கொடு, தூங்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் கடையில் வேலை பார்ப்பவன்