சோப்புக் குமிழி டப்பா

பட்டுவின் அப்பாவுக்கு,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. நாலு மணிக்கு, பட்டுவை விளையாட வைத்துப் பேசப் பழக்குகிற அந்த டீச்சர் வருகிறாள். டீ கொடுங்கள், பிஸ்கட்டும் கொடுங்கள், புகழ்ச்சி மட்டும் வேண்டாம்.

சோப்புக் குமிழி டப்பாவைத் தேட வேண்டாம். என் புடவைகளுக்கு நடுவே இருக்கிறது, எடுத்து அவளிடம் கொடுங்கள். நான்தான் ஒளித்து வைத்தேன். "பொறாமையா?" என்று நேற்று கேட்டீர்களே, ஆமாம், வயிறு எரிகிறது. பெற்று நாலு வருஷம் வளர்த்தவள் நான். பிள்ளை முதன்முதலாக "ஊது" என்று சொன்னது ஆறே நாள் வந்துபோனவளிடம்!

"ஆட்டிசம் இருக்கற குழந்தைக்குப் பேச ஒரு காரணம் வேணும்மா. அவ கேக்கறதுக்கு முந்தியே நீங்க எல்லாத்தையும் குடுத்துடறீங்க" என்றாளே, அதுதான் சுருக்கென்று தைத்தது.

இன்று காலையில் நானும் ஒருமுறை ஊதிவிட்டு, மூடியை மூடிக் காத்திருந்து பார்த்தேன். பட்டு என் கையைப் பிடித்து மூடிமேல் வைத்தாள். வாயைத் திறக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை, உடனே ஊதிவிட்டேன்.

டீச்சர் போனதும் மூடியை இறுக்கி மூடி வையுங்கள். சாயங்காலம் வந்து நான் பட்டுவோடு உட்காரப் போகிறேன்.

மறந்துவிட்டேன்: நீங்களும் பக்கத்தில் இருங்கள். நான் அவசரப்பட்டுத் திறக்கப் போனால், என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.